முதலில் காது, பிறகு கண்: பாடக் காணொலிக்குக் கருவி வாங்கும் முன்

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி, ஒரு மழைநாள் மாலையில் சைக்கிளிலிருந்து வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இரண்டு மாதம் எழுந்து நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். அறிவியலில் ஒளியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் நடத்துவதை அப்படியே காணொலியாக எடுத்து அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்களிடம் நல்ல கேமரா ஒன்று இருந்தது. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. 4கே தரம், கனமான லென்ஸ். ஆண்டு விழாவுக்கு மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வரும். அதைக் கடைசி பெஞ்சில் வைத்து, குவிலென்சில் பிம்பம் தோன்றும் விதத்தை முக்கால் மணி நேரம் நடத்தினேன். கோப்பைச் சிறிதாக்கி அனுப்புவதற்குள் இரவு பத்தாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்து அவளைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். நோட்டை எடுத்துக் காட்டினாள். கதிர்ப்படங்களை அழகாக வரைந்திருந்தாள். முதன்மைக் குவியத்துக்கும் ஒளியியல் மையத்துக்கும் இடையில் பொருள் இருக்கும் படத்தில், பின்னோக்கி நீட்டிய கோடுகளைச் சரியாகப் புள்ளிக்கோடாகவே போட்டிருந்தாள். "இது ஏம்மா புள்ளிக்கோடு?" என்று கேட்டேன். விழித்தாள். "நீங்க அப்படித்தான் போட்டிருந்தீங்க டீச்சர்" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மா தயங்கிக்கொண்டே சொன்னார்: "படம் நல்லாத்தான் தெரியுது டீச்சர். என்ன சொல்றீங்கன்னுதான் கேக்கல."

அங்கேயே உட்கார்ந்து அந்தக் காணொலியைக் கேட்டேன். மின்விசிறியின் இரைச்சல், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, முன் பெஞ்சு மாணவனின் இருமல். எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ தொலைவில் என் குரல். "ஒளி அங்கே உண்மையில் வரவில்லை, வருவதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது, அதனால்தான் புள்ளிக்கோடு" என்று நான் வகுப்பில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். பாடத்தின் உயிர் அந்த ஒரு வரிதான். அது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

படம் 'என்ன' என்பதைக் காட்டும். 'ஏன்' என்பது பெரும்பாலும் ஆசிரியரின் குரலில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, கருவி வாங்கும் வரிசையையே நான் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். அந்த வரிசையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் நாமே எடுக்க வேண்டும்?

கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, மணற்கேணி செயலி இருக்கிறது, பாடநூலில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இருக்கின்றன. அவற்றின் காட்சித் தரத்தோடு நாம் போட்டியிட முடியாது, போட்டியிடத் தேவையும் இல்லை. ஆனால் நம் வகுப்பில் நம் பிள்ளை கேட்ட கேள்விக்கான விடை அவற்றில் இருக்காது. நம் ஆய்வகத்தில் இருக்கும் அதே அம்மீட்டரை எப்படி இணைப்பது, நம் ஊர்க் குளத்தில் என்னென்ன செடிகள் வளர்கின்றன, நேற்றைய தேர்வில் பாதிப் பேர் தவறவிட்ட அந்தக் கணக்கை எங்கே திருத்த வேண்டும் என்பதையெல்லாம் நாம்தான் எடுக்க முடியும். ஐந்து அல்லது ஆறு நிமிடக் காணொலி போதும்.

பார்ப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

கேமரா வாங்கப் போனால் கடைக்காரர் சென்சார், மெகாபிக்சல் என்று தொடங்குவார். நாம் தொடங்க வேண்டிய இடம் வேறு. இந்தக் காணொலியை யார், எதில், எப்போது பார்க்கப் போகிறார்கள்?

என் மாணவியின் வீட்டில் இருந்தது ஒரே கைபேசி. கட்டட வேலைக்குப் போகும் அப்பாவோடு அது காலையில் போய்விடும், இரவு ஏழு மணிக்கு மேல்தான் வீடு திரும்பும். அன்றைய தரவில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் பாடம். ஆறு அங்குலத் திரை, ஒற்றை ஸ்பீக்கர், பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சி. அந்தத் திரையில் 4கே படத்துக்கும் சாதாரண முழு எச்.டி. படத்துக்கும் வேறுபாடு தெரியாது.

கணக்கைப் பாருங்கள். முழு எச்.டி. என்பது 1920 × 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் படப்புள்ளிகள். 4கே என்பது 3840 × 2160, சரியாக அதன் நான்கு மடங்கு. கைபேசியில் முழு எச்.டி. எடுக்கும்போது நொடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டால் வகுக்க நொடிக்கு 2 மெகாபைட்டுக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 மெகாபைட். முக்கால் மணி நேரப் பாடம் ஐந்தரை ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். 4கே என்றால் அதைவிடப் பல மடங்கு. இதை எந்தப் பெற்றோர் பதிவிறக்கம் செய்வார்?

எனவே எடுப்பது முழு எச்.டி.யில் இருக்கட்டும். அனுப்பும்போது 480 அல்லது 720 வரித் தரத்துக்குச் சுருக்கி, நொடிக்கு ஒரு மெகாபிட் அளவில் வைத்தால் ஆறு நிமிடப் பாடம் 45 மெகாபைட்டில் அடங்கும். படம் சற்று மங்கினாலும் குரல் தெளிவாக இருந்தால் பாடம் நிற்கும். 4கே பதிவுக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: சோதனையை எடுத்த பிறகு ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டலாம். மற்றபடி அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் செலவு: மைக்

பத்தாம் வகுப்பு ஒலியியலில் நாமே நடத்துவதுதான். எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமென்றால் எதிரொலிக்கும் பரப்பு குறைந்தது 17.2 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். நம் வகுப்பறைச் சுவர் அவ்வளவு தூரத்தில் இல்லை. அதனால் எதிரொலி தனியாகக் கேட்காமல் குரலோடு கலந்து குழப்புகிறது. நேரில் கேட்கும்போது நம் மூளை அதை ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்த அறிவு கிடையாது, வருவதையெல்லாம் பதிவு செய்துவிடும்.

இன்னொன்று தூரம். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் கேமராவின் மைக்குக்கு, மேலே சுற்றும் மின்விசிறி நம் வாயைவிட அருகில் இருக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவானாலும் இதை மாற்ற முடியாது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவது ஒன்றே வழி.

அதற்கு வயர் உள்ள காலர் மைக் போதும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். சேலை கட்டும் ஆசிரியைகள் முந்தானையின் மேல் மடிப்பில் மாட்டலாம். சங்கிலியோ அடையாள அட்டைக் கயிறோ மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரசல் ஒலி பதிவில் இடிபோல் கேட்கும். என் முதல் காலர் மைக் பதிவு முழுக்க அந்த உரசல்தான்.

வாங்கும்போது பின்னைப் பாருங்கள். கைபேசிக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டுதான். ஒன்றை மற்றொன்றில் செருகினால் பெரும்பாலும் ஒலி பதிவாகாது, அல்லது கைபேசி தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். இப்போது வரும் பல கைபேசிகளில் வட்டத் துளையே இல்லை. அதற்கு டைப்-சி பின் உள்ள மைக்கையே கேட்டு வாங்குங்கள். நடந்துகொண்டே நடத்துபவர்களுக்கு வயர் இல்லாத மைக் வசதி. ஆனால் அதன் பேட்டரியை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும்.

பணமே இல்லையென்றாலும் வழி உண்டு. இரண்டு கைபேசிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று படம் எடுக்கட்டும். மற்றொன்றில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து மேசையில் உங்கள் அருகில் வையுங்கள். இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, கேமராவுக்குத் தெரியும்படி ஒருமுறை பளிச்சென்று கை தட்டுங்கள். தொகுக்கும்போது கைகள் சேரும் படத்தையும் 'டப்' என்ற ஒலியையும் பொருத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். திரைப்படப் படப்பிடிப்பில் அடிக்கும் கிளாப் பலகையின் வேலையும் இதுதான்.

அறையையும் தேர்ந்தெடுங்கள். வெற்றுச் சுவர் வகுப்பறையைவிடப் புத்தகம் அடுக்கிய நூலக அறை நன்றாக ஒலிக்கும். தரையில் ஒரு ஜமக்காளம், பின்சுவரில் ஒரு போர்வை தொங்கினால் முழக்கம் பாதி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம், மணியடிக்கும் நேரம் இரண்டையும் தவிருங்கள். கைபேசியில் எடுத்தால் விமானப் பயன்முறையில் போட மறக்காதீர்கள். பாடத்தின் நடுவே அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும்.

மிக முக்கியமான பழக்கம் ஒன்று: முழுப் பாடத்தையும் எடுப்பதற்கு முன் அரை நிமிடம் எடுத்து, இயர்போன் போட்டுக் கேளுங்கள். அன்று நான் இதைச் செய்திருந்தால் ஒரு மாணவியின் ஒரு வாரம் வீணாகியிருக்காது.

இரண்டாவது: அசையாத நிலை

கை எவ்வளவு உறுதியானாலும் ஆறு நிமிடம் ஆடாமல் இருக்காது. எளிய ட்ரைபாட் ஒன்று வாங்குங்கள். கைபேசியைப் பிடிக்கும் கவ்வியும் அதோடு சேர்ந்திருக்கட்டும். பாடம் நடத்துபவரின் கண் உயரத்தில் கேமரா இருக்க வேண்டும். ட்ரைபாட் இல்லையென்றால் மேசைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் இரண்டு செங்கல், செங்கற்களுக்கு நடுவில் கைபேசி. நான் இன்றும் சில நேரம் இப்படித்தான் எடுக்கிறேன்.

நோட்டில் எழுதுவதையோ சோதனையையோ மேலிருந்து எடுக்க வேண்டுமா? ஒரே உயரமுள்ள இரண்டு ஸ்டூல்களை மேசைமேல் இடைவெளி விட்டு வைத்து, நடுவே ஒரு பலகையை வையுங்கள். பலகையின் ஓரத்தில் கைபேசியின் லென்ஸ் மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும். கைபேசியை ரப்பர் பேண்டால் பலகையோடு கட்டிவிட்டால் விழாது. கணித ஆசிரியர்களுக்கு இந்த ஒரு அமைப்பே போதும்.

படம் எப்போதும் கிடைமட்டமாக இருக்கட்டும். திறன்மிகு வகுப்பறைத் திரையில் செங்குத்துக் காணொலி நடுவில் ஒரு பட்டையாகத்தான் தெரியும். எடுக்கும்போது ஜூம் செய்யாதீர்கள், கேமராவை இங்கும் அங்கும் திருப்பாதீர்கள். அருகிலிருந்து காட்ட வேண்டுமென்றால் நிறுத்திவிட்டு, கேமராவை அருகில் நகர்த்தித் திரும்ப எடுங்கள். ஒவ்வொரு பதிவின் முன்னும் பின்னும் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். வெட்டி ஒட்டும்போது அந்த இடைவெளி உதவும்.

மூன்றாவது: வெளிச்சம்

இதற்குச் செலவே வேண்டாம். சன்னல் உங்கள் முகத்துக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்னால் இருந்தால் நீங்கள் நிழலுருவமாகிவிடுவீர்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமும் மறுபக்கம் இருளுமாக இருந்தால், இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லுங்கள். எதிரொளிப்பு விதி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கரும்பலகை கேமராவை ஏமாற்றும். காட்சி முழுதும் சராசரியாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று நினைத்தே கேமரா வெளிச்ச அளவைத் தீர்மானிக்கிறது. பெரிய கறுப்புப் பரப்பைக் கண்டதும் 'இருட்டாக இருக்கிறது' என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும். உடனே பலகை சாம்பலாகும், முகமும் வெள்ளைச் சட்டையும் வெளுத்துப்போகும். கைபேசித் திரையில் முகத்தின்மேல் விரலைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் நகர்ந்தாலும் படம் கூடிக் குறையாது. பளிச்சென்ற வெள்ளை உடையைத் தவிர்ப்பதும் நல்லது.

பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எடுத்த படத்தை உங்கள் கைபேசியில் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது பலகையின் ஒரு பாதியை மட்டும் எடுங்கள்.

குழல்விளக்கின் கீழ் எடுத்த காணொலியில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கேமராவில் பழுது எதுவும் இல்லை. நம் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம் தொடுவதால் விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கேமராவின் ஷட்டர் நொடியில் 60-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் ஒன்றரைக்கும் மேற்பட்ட துடிப்புகள் அடங்கும். அது முழு எண் அல்ல, ஆகவே பட்டை தோன்றும். 50-இல் ஒரு பங்கு என்றால் சரியாக இரண்டு துடிப்பு, 100-இல் ஒரு பங்கு என்றால் சரியாக ஒன்று. அப்போது பட்டை மறையும். கேமராவின் அமைப்புகளில் 50 ஹெர்ட்ஸ் என்றிருப்பதையும், நொடிக்கு 25 பிரேம் என்பதையும் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத கைபேசியானால் குழல்விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: லென்சைத் துடையுங்கள். நம் கைகளில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். மென்மையான பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தாலே பாதி மங்கல் போய்விடும்.

நான்காவதாகத்தான் கேமரா

மேலே சொன்னவை தயாரான பிறகு, கையில் இருக்கும் கைபேசியே போதும் என்று பெரும்பாலும் தெரியவரும். அதற்கு மேல் வாங்க நிதி இருந்தால், எந்த வேலைக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

*கைபேசி:* அருகிலிருந்து எடுக்கும் பாடம், சோதனை, நோட்டுப் பக்கம் ஆகியவற்றுக்குச் சிறந்தது. தூரத்துக் காட்சிக்கு உதவாது. விரல்களால் விரித்துப் பெரிதாக்கும் எண்முறை ஜூம், இருக்கும் படப்புள்ளிகளை ஊதிக் காட்டுவதுதான். புதிய விவரம் எதுவும் அதில் வராது. வெயிலில் நெடுநேரம் எடுத்தால் சூடாகிப் பதிவு நின்றுவிடலாம்.

*ஹேண்டிகேம்:* ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சிக்கு ஏற்றது. லென்ஸ்கள் நகர்ந்து உண்மையாகவே பெரிதாக்கும் ஒளியியல் ஜூம் இதன் பலம். கையில் பிடிக்கவும் எளிது. ஆனால் பலவற்றில் சென்சார் சிறியது. வெளிச்சம் குறைந்த அரங்கில் படம் புள்ளிபுள்ளியாக வரும்.

*டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்கள்:* படம் மிக அழகாக வரும், பின்னணி மங்கித் தெரியும். அந்த அழகே பாடத்துக்கு இடைஞ்சலாகலாம். ஆசிரியர் ஓரடி முன்னே வந்தால் ஃபோகஸ் தவறிவிடும், பின்னால் உள்ள பலகையும் மங்கிவிடும். பல மாடல்கள் 29 நிமிடம் 59 நொடியில் பதிவைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். ஒரு பாடவேளையை முழுதாக எடுக்க நினைப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கடையில் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வெளி மைக் செருகத் துளை இருக்கிறதா? ஒளியியல் ஜூம் எத்தனை மடங்கு? மின்னேற்றிக்கொண்டே பதிவு செய்ய முடியுமா? ட்ரைபாட் திருகு பொருந்துமா? முழு எச்.டி.யில் நொடிக்கு 25 பிரேம் எடுக்குமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம். கடையிலேயே ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். வட்டத்துக்குள் 10 என்ற எண் இருந்தால் குறைந்தது நொடிக்கு 10 மெகாபைட் எழுதும், வி30 என்றிருந்தால் 30 மெகாபைட். பாடக் காணொலிக்கு முதல் வகையே போதும். அதிகக் கொள்ளளவு அச்சிட்ட போலி கார்டுகள் சந்தையில் உண்டு. புதிய கார்டை ஒருமுறை முழுக்க நிரப்பி, கடைசிக் கோப்பு திறக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

கண்ணால் பார்க்க முடியாததைக் காட்ட

கேமராவின் உண்மையான பெருமை, வகுப்பில் காட்ட முடியாததைக் காட்டுவதில் இருக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள்.

ஈரப் பஞ்சில் மொச்சை முளைப்பதைத் தாமதப் பதிவில் எடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் ஒரு நாளைக்கு 288 படங்கள், ஐந்து நாளில் 1,440. நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டினால் ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொலி. ஐந்து நாள் கைபேசியைக் கொடுக்க யாராலும் முடியாது. வீட்டில் கிடக்கும் பழைய கைபேசியை மின்னேற்றியோடு இணைத்து வைத்துவிடுங்கள், திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. எத்தனை படம் தேவைப்படும் என்று கணக்கிடும் பொறுப்பை ஆறாம் வகுப்பிடம் கொடுங்கள். கணக்கும் அறிவியலும் ஒரே வேளையில் நடந்துவிடும்.

அடுத்தது, தானே விழும் பொருள். சுவரில் ஒரு அளவு நாடாவை ஒட்டி, அதன் அருகில் ஒரு பந்தை விடுங்கள். கைபேசியின் மெதுவியக்கத்தில் நொடிக்கு 120 பிரேம் எடுத்தால், 12 பிரேமுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம். அதாவது 0.1 நொடிக்கு ஒருமுறை. 0.1 நொடியில் ஏறத்தாழ 5 செ.மீ., 0.2-இல் 20, 0.3-இல் 44, 0.4-இல் 78 செ.மீ. ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்ற விகிதத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நான் பலகையில் எழுதிக் காட்டியபோது இல்லாத ஒரு மௌனம் அன்று வகுப்பில் இருந்தது. மெதுவியக்கத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஆகவே வராந்தாவில் பகல் வெளிச்சத்தில் எடுங்கள்.

எடுத்த பிறகு

கோப்புகளுக்கு அன்றே பெயர் வையுங்கள். வகுப்பு, பாடம், அலகு, தேதி என்ற வரிசை போதும். எண்களாக மட்டும் பெயருள்ள முந்நூறு கோப்புகளில் எதையும் தேட முடியாது. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று என எப்போதும் இரண்டு படிகள் இருக்கட்டும். கார்டை அதற்குப் பிறகே அழியுங்கள். பெரிய கோப்பைப் பென் டிரைவ் ஏற்க மறுத்தால் அதில் இடம் இல்லை என்று பொருளல்ல. ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நுழையாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் சரியாகும். ஆனால் ஃபார்மட் செய்யும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

பிள்ளைகளின் முகம் தெரியும் காணொலி என்றால் தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் பெறுங்கள். பெயர், ஊர், வீட்டு அடையாளம் எதுவும் அதில் வர வேண்டாம். பொது இடங்களில் பதிவேற்றுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். ஒரு பிள்ளை தவறாகப் பதில் சொன்ன காட்சி நமக்குக் கற்பித்தல் உத்தி, அந்தப் பிள்ளைக்கு அது ஊரே பார்க்கும் அவமானம். பாடத்துக்கு நம் கையும் குரலும் போதும்.

மீண்டும் புள்ளிக்கோடு

அந்த வாரமே நூலக அறையில் ஜமக்காளம் விரித்து, காலர் மைக் மாட்டி, என் பழைய கைபேசியில் அதே பாடத்தை மீண்டும் எடுத்தேன். ஆறு ஆறு நிமிடங்களாக நான்கு காணொலிகள். 4கே கேமரா அலமாரியிலேயே இருந்தது. இரவு அப்பா வந்ததும் பதிவிறக்கிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்பாளாம். கண் வலிக்காது, பேட்டரியும் நிற்கும் என்றாள்.

சனவரியில் மெல்ல நடந்து பள்ளிக்கு வந்தாள். இடைவேளையில் ஆய்வகத்துக்கு அழைத்து, பழைய படத்தையே வரைந்து காட்டி மீண்டும் கேட்டேன். இந்த முறை விழிக்கவில்லை. "ஒளி அங்க நெசமா வரல டீச்சர். வர்ற மாதிரி நமக்குத் தெரியுது, அவ்ளோதான்" என்றாள். பிறகு சற்று யோசித்துவிட்டு, "ஒண்ணு சொல்லட்டுமா? மூணாவது வீடியோவுல உங்க கை படத்த மறைக்குது" என்றாள்.

பார்த்தேன். உண்மைதான். பலகையின் வலப்பக்கம் நின்று எழுதியிருந்தேன். அடுத்த பதிவில் இடப்பக்கம் நின்றேன்.